லினக்ஸ் சர்வர் பூட் ஆனதும் டேட்டாபேஸ் தானாக ஸ்டார்ட் ஆக: புதியவர்களுக்கான வழிகாட்டி

கரண்ட் போய் வருகிறது. யுபிஎஸ் தாக்குப்பிடிக்கவில்லை, சர்வர் அணைந்து மறுபடி எழுகிறது. லினக்ஸ் ஏறிவிட்டது, பிங் அடித்தால் பதில் வருகிறது, பில்லிங் சாஃப்ட்வேரின் முதல் திரையும் திறக்கிறது. லாகின் செய்தால் மட்டும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் இல்லை என்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு டெர்மினல் பழக்கமில்லை. தெரிந்தவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். அதுவரை கடையில் பில் போட முடியாது.

இது வராமல் தடுக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அதைக் கொடுத்த கையோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. கட்டளை சரியாகப் பதிந்திருந்தும், பூட் ஆகும் அந்தச் சில வினாடிகளில் டேட்டா இருக்கும் டிஸ்க் மவுன்ட் ஆகாமலோ (அதாவது அதற்குரிய ஃபோல்டரோடு இணையாமலோ), நெட்வொர்க் ஐபி வராமலோ போகலாம். அதனால் கட்டளையைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, அதைக் கெடுக்கும் விஷயங்களுக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். அடிக்கடி வரும் சிஸ்டம்சிடிஎல் என்பது சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் (கன்ட்ரோல் என்பதன் சுருக்கம்) என்ற மூன்று எழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியது. ஜர்னல்சிடிஎல்லும் அப்படித்தான். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் கீயை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பிவிடும்.

முதலில்: உங்கள் மெஷினில் சிஸ்டம்டி இருக்கிறதா?

பிஎஸ் -பி 1

இதில் வரும் இரண்டு பி-யும் ப்ராசஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. சிஸ்டம்டி என்பது பூட் ஆகும்போது பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்களை, அதாவது சர்வீஸ்களை, எழுப்பி நிர்வகிப்பது. முதல் ப்ராசஸின் பெயராக சிஸ்டம்டி என்று வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தும். ஃபெடோரா 2011-லும், ரெட்ஹாட் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலும், டெபியனும் உபுண்டுவும் 2015-லும் இதற்கு மாறிவிட்டன. செக்கான்ஃபிக், அப்டேட்-ஆர்சி.டி என்றெல்லாம் சொல்லும் பழைய குறிப்புகள் அதற்கு முந்தைய காலத்தவை. அவற்றை விட்டுவிடலாம்.

ஆல்பைன் லினக்ஸில் அதற்குப் பதில் ஓபன்ஆர்சி இருக்கும். அங்கே ஆர்சி-அப்டேட் ஆட் என்று எழுதி சர்வீஸ் பெயரைச் சேர்க்க வேண்டும். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்துப் படிப்பவர்கள் /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் ஃபைலில் பூட் என்ற பகுதியின் கீழ் சிஸ்டம்டி=ட்ரூ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸின் சரியான பெயர்

புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே டேட்டாபேஸுக்கு ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் ஒவ்வொரு பெயர். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் சர்வீஸின் பெயர் மைஎஸ்கியூஎல் மட்டுமே. ராக்கி, அல்மா போன்ற ரெட்ஹாட் வழி டிஸ்ட்ரோக்களில் கடைசியில் ஒரு டி எழுத்து (டெமன் என்பதன் முதலெழுத்து) ஒட்டிக்கொள்ளும். ரெடிஸ், உபுண்டுவில் ரெடிஸ்-சர்வர், ராக்கியில் வெறும் ரெடிஸ். மரியாடிபி இரண்டிலும் மரியாடிபிதான். மாங்கோவுக்குக் கடைசியில் டி உண்டு. போஸ்ட்கிரெஸை அதன் சொந்த ரெப்பாசிட்டரியிலிருந்து ராக்கியில் போட்டிருந்தால் பெயரோடு பதிப்பு எண்ணும் சேரும்: போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16.

நினைவில் வைத்துத் தட்டுவதைவிட மெஷினையே கேட்டுவிடுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --டைப்=சர்வீஸ்

நீண்ட பட்டியல் வரும். அதில் இரண்டாவது பத்தியில் எனேபிள்ட், டிசேபிள்ட், ஸ்டாட்டிக், ஏலியஸ், மாஸ்க்ட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஏலியஸ் என்று இருக்கும் பெயர் வேறொரு சர்வீஸின் மறுபெயர். உபுண்டுவில் ரெடிஸ் என்ற மறுபெயரைக் கொடுத்து எனேபிள் செய்யப் பார்த்தால் "ரெஃப்யூசிங் டு ஆப்பரேட் ஆன் ஏலியஸ் நேம்" என்று மறுத்துவிடும். மறுபெயரைத் தட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அசல் பெயரான ரெடிஸ்-சர்வரைக் கொடுத்தால் போய்விடும்.

அந்த ஒரு கட்டளை

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மரியாடிபி

மரியாடிபி இருக்கும் இடத்தில் உங்கள் சர்வீஸ் பெயரைப் போடுங்கள். ஏற்கெனவே எனேபிள் ஆகாத சர்வீஸ் என்றால் "க்ரியேட்டட் சிம்லிங்க்" என்று தொடங்கும் ஒரு வரி வரும். /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டருக்குள் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்ற ஒரு ஃபோல்டர் இருக்கிறது. எனேபிள் செய்வது அந்த ஃபோல்டரில் உங்கள் சர்வீஸ் ஃபைலுக்கு ஒரு லிங்க் போடுவதுதான். பூட் ஆகும்போது சிஸ்டம்டி அந்த ஃபோல்டரைப் பார்த்து, அதிலிருப்பவற்றை எழுப்புகிறது. இது தெரிந்தால் எனேபிளும் ஸ்டார்ட்டும் ஏன் வேறு வேறு என்பதும் புரிந்துவிடும். ஸ்டார்ட் இப்போதைக்கு ஓட்டும்; அடுத்த பூட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எனேபிள் அடுத்த பூட்டுக்கு லிங்க் போடும். இப்போது எதையும் ஓட்டாது. --நவ் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

சரிபார்க்க இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-எனேபிள்ட் மரியாடிபி
சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-ஆக்டிவ் மரியாடிபி

முதலாவதற்கு எனேபிள்ட், இரண்டாவதற்கு ஆக்டிவ் என்று வர வேண்டும். முதலாவதற்கு மாஸ்க்ட் என்று வந்தால் யாரோ அந்த சர்வீஸை அடியோடு தடுத்துவைத்திருக்கிறார்கள். காரணம் விசாரித்துவிட்டு அன்மாஸ்க் செய்துவிட்டுப் பிறகு எனேபிள் செய்யுங்கள்.

டெபியன், உபுண்டுவில் ஆப்ட் மூலம் டேட்டாபேஸை நிறுவினாலே அது எனேபிள் ஆகி ஓடவும் ஆரம்பித்துவிடும். ரெட்ஹாட் வழியில் அப்படி இல்லை. நிறுவிய பின் நீங்கள் சொன்னால்தான் எழும். அங்கே போஸ்ட்கிரெஸுக்கு இன்னொரு வேலையும் பாக்கி இருக்கும். டேட்டா ஃபோல்டரை ஒருமுறை உருவாக்க வேண்டும்:

சூடோ போஸ்ட்கிரெஸ்கியூஎல்-செட்டப் --இனிட்டிபி

இதைச் செய்யாமல் எனேபிள் செய்தால் லிங்க் விழும், எனேபிள்ட் என்றும் காட்டும், ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் சர்வீஸ் ஃபெயில் ஆகும்.

உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ்: ஆக்டிவ் என்பதை நம்பாதீர்கள்

உபுண்டுவிலோ டெபியனிலோ போஸ்ட்கிரெஸின் ஸ்டேட்டஸைக் கேட்டால் பச்சை நிறத்தில் ஆக்டிவ் என்றும், பக்கத்திலேயே எக்ஸிட்டட் என்றும் வரும். ஓடுகிறதா, முடிந்துவிட்டதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வருவது. அந்த சர்வீஸ் ஒரு பெயர்ப்பலகை மாதிரி. அது ஓட்டுவது /பின்/ட்ரூ என்ற, ஒன்றுமே செய்யாத ஒரு ப்ரோகிராமை. உண்மையான டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்@16-மெயின் என்ற இன்னொரு சர்வீஸில் இருக்கிறது. 16 என்பது பதிப்பு. மெயின் என்பது க்ளஸ்டரின், அதாவது ஒரே போஸ்ட்கிரெஸ் சர்வர் நடத்தும் டேட்டாபேஸ் தொகுப்பின், பெயர். பலகையின் ஸ்டேட்டஸ் பச்சையாக இருக்கும்போதே உள்ளே டேட்டாபேஸ் செத்துக்கிடக்கலாம்.

உண்மை நிலவரத்தைச் சொல்வது இது:

பிஜி_எல்எஸ்க்ளஸ்டர்ஸ்

ஒவ்வொரு க்ளஸ்டருக்கும் ஒரு வரி. பதிப்பு, பெயர், போர்ட், ஆன்லைனா டவுனா, டேட்டா ஃபோல்டர், லாக் ஃபைல் எல்லாம் அதில் இருக்கும். டவுன் என்று இருந்தால் கடைசிப் பத்தியில் தெரியும் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். காரணம் அநேகமாக அதன் கடைசி வரிகளில் இருக்கும்.

பூட்டில் எந்த க்ளஸ்டர் எழ வேண்டும் என்பதை முடிவு செய்வது /இடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின்/ஸ்டார்ட்.கான்ஃப் என்ற சின்ன ஃபைல். அதில் குறிப்பு வரிகள் போக ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: ஆட்டோ, மேனுவல் அல்லது டிசேபிள்ட். எனேபிள் எல்லாம் சரியாக இருந்தும் போஸ்ட்கிரெஸ் எழவில்லை என்றால் நான் முதலில் திறப்பது இந்த ஃபைலைத்தான். மேனுவல் என்று இருந்தால் ஆட்டோ என்று மாற்றிவிட்டு,

சூடோ சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்

கொடுங்கள். பதிப்பு உயர்த்திய மெஷின்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிஜி_அப்கிரேட்க்ளஸ்டர் கருவி வழியாக மாறியிருந்தால் பழைய க்ளஸ்டரை அதுவே மேனுவல் ஆக்கிவிடும். டேட்டாவைக் கையால் புதியதற்கு மாற்றியவர்கள்தான் கவனிக்க வேண்டும். பழையது 5432-லும் புதியது 5433-லுமாக இரண்டும் பூட்டில் எழும். போர்ட்டைப் பார்க்காத அப்ளிகேஷன் பழைய டேட்டாபேஸிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

செட்டிங்கை எங்கே மாற்றுவது

இனி வரும் திருத்தங்களுக்கு சர்வீஸ் ஃபைலில் வரிகள் சேர்க்க வேண்டும். /யுஎஸ்ஆர்/லிப் பக்கம் இருக்கும் அசல் ஃபைலைத் தொடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும். இப்படித் திறங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி

எடிட்டர் திறந்ததும் மூன்று ஹாஷ் குறியோடு தொடங்கும் குறிப்பு வரிகள் தெரியும். அவற்றில் ஒன்று "எனிதிங் பிட்வீன் ஹியர்" என்று தொடங்கும், இன்னொன்று "டிஸ்கார்டட்" என்று முடியும். உங்கள் வரிகளை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுத வேண்டும். டிஸ்கார்டட் வரிக்குக் கீழே எழுதுவதெல்லாம் சேவ் செய்யும்போது தூக்கியெறியப்படும். கீழே அசல் ஃபைல் முழுதாகத் தெரிவதால் அங்கேயே திருத்திவிடத் தோன்றும். அது வெறும் பார்வைக்கு.

உபுண்டு போஸ்ட்கிரெஸுக்கு எடிட் செய்ய வேண்டியது பெயர்ப்பலகையை அல்ல, போஸ்ட்கிரெஸ்கியூஎல்@16-மெயினை. செட்டிங் பெயர்களிலும் சதுர அடைப்புக்குள் வரும் பகுதிப் பெயர்களிலும் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

டேட்டா தனி டிஸ்க்கில் இருந்தால்

டேட்டா வளர்ந்ததும் அதைத் தனி டிஸ்க்குக்கு மாற்றுவார்கள். எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்குக்கு நோஃபெயில் என்று போட்டிருந்தால், டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் பூட் ஆகும் என்பது நல்லதுதான். ஆனால் அதோடு, பூட் அந்த டிஸ்க்குக்காகக் காத்திருக்கவும் செய்யாது. டேட்டாபேஸ் முந்திக்கொண்டு எழுந்து, மவுன்ட் ஆகாத வெறும் ஃபோல்டரைப் பார்க்கும். நல்ல நேரத்தில் ஃபெயில் ஆகும். சில பேக்கேஜ்களில் ஃபோல்டர் காலியாக இருந்தால் புதிதாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கிவிடும் ஏற்பாடும் உண்டு. அப்போது உங்கள் பில்கள் எல்லாம் மறைந்துவிட்டது போலத் தெரியும், உள்ளே டிஸ்க்கில் பத்திரமாக இருந்தாலும்.

தீர்வு, எடிட்டில் யூனிட் பகுதியில் ஒரு வரி:

[யூனிட்]
ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/டேட்டா/மரியா

இந்தப் பாதை இருக்கும் டிஸ்க் மவுன்ட் ஆன பிறகுதான் சர்வீஸ் எழும். மவுன்ட் ஆகவில்லை என்றால் எழாது. இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன்: மவுன்ட் ஆகும் ஃபோல்டரையே டேட்டா ஃபோல்டராக வைக்காதீர்கள். /டேட்டா-வில் மவுன்ட் செய்து, டேட்டாபேஸை /டேட்டா/மரியா-வுக்குள் வையுங்கள். டிஸ்க் இல்லாவிட்டால் அந்த உள் ஃபோல்டரே இருக்காது. டேட்டாபேஸ் குழம்பாமல் நேராக எரர் சொல்லி நின்றுவிடும். எஃப்எஸ்டேபில் டிஸ்க்கின் பெயரைப் போடாமல் யுயுஐடி என்ற அதன் மாறாத அடையாள எண்ணைப் போடுங்கள், ஏனென்றால் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் ஒரு பூட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடம் மாறலாம்.

ரெட்ஹாட் வழியில் இடம் மாற்றியவர்களுக்கு எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. புதிய ஃபோல்டருக்குச் சரியான லேபிள் இல்லாவிட்டால் ஓனர், பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் பர்மிஷன் டினைட் என்று வரும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் லேபிளைப் பதிந்து, ரெஸ்டோர்கான் கொடுத்தால் சரியாகும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவது தீர்வாகாது.

ரீபூட்டுக்குப் பின் மற்ற மெஷின்களிலிருந்து மட்டும் கனெக்ட் ஆகவில்லையா?

கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு இதுதான். போஸ்ட்கிரெஸின் லிசன்_அட்ரஸஸ் செட்டிங்கில் லோக்கல்ஹோஸ்டும், 192.168.1.10 போல ஒரு குறிப்பிட்ட ஐபியும் கொடுத்திருப்பீர்கள். பூட்டில் போஸ்ட்கிரெஸ் எழும் நேரத்தில் நெட்வொர்க் கார்டுக்கு இன்னும் ஐபி வந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் அதற்காக நின்றுவிடாது. லாகில் "குட் நாட் க்ரியேட் லிசன் சாக்கெட்" என்று ஒரு வார்னிங் எழுதிவிட்டு லோக்கல்ஹோஸ்டில் மட்டும் ஓடத் தொடங்கும். ஸ்டேட்டஸ் பச்சை. அதே மெஷினில் இருக்கும் அப்ளிகேஷன் ஓடுகிறது. கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். யாராவது கையால் ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடும், ஏனென்றால் அதற்குள் ஐபி வந்துவிட்டது. சரியானதும் காரணத்தை யாரும் தேடுவதில்லை. அடுத்த கரண்ட் கட்டில் மறுபடியும் அதே கதை.

மைஎஸ்கியூஎல், மரியாடிபியில் பைண்ட்-அட்ரஸ் அப்படி ஒரு ஐபியாக இருந்தால் சர்வீஸே எழாது. "கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்" என்று லாகில் இருக்கும். இது ஒருவகையில் மேல், கோளாறு மறைந்திருப்பதில்லை.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே:

[யூனிட்]
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

இரண்டு வரியும் தேவை. ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது. வான்ட்ஸ்தான் அந்த டார்கெட்டை பூட்டுக்குள் இழுத்து வருகிறது. பெயரில் நெட்வொர்க்.டார்கெட் என்று ஆன்லைன் இல்லாமல் இன்னொன்று இருக்கிறது. அது ஐபி வரும்வரை காத்திருக்காது, ஆகவே இங்கே உதவாது. சர்வருக்கு ரவுட்டர் வழியாக ஐபி வருகிறது என்றால் ஸ்டாட்டிக் ஐபி கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. கரண்ட் வந்ததும் ரவுட்டரும் சர்வரும் ஒன்றாகத்தான் எழுகின்றன, ரவுட்டர் தயாராகச் சில நேரம் அதிகம் எடுக்கும்.

கரண்ட் கட்டுக்குப் பின் ரெக்கவரி

டேட்டாபேஸ் திடீரென அணைந்தால், அடுத்த முறை எழும்போது முடிக்காத வேலைகளை லாகிலிருந்து சரிசெய்துகொள்ளும். பெரிய டேட்டாபேஸில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். சர்வீஸ் ஃபைலில் வேறு ஏதும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 90 வினாடி காத்திருந்துவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று கணக்கிட்டு ப்ராசஸை நிறுத்திவிடும். ரெக்கவரி பாதியில் அறுபடும். உங்கள் சர்வீஸின் அளவு எவ்வளவு என்று பாருங்கள்:

சிஸ்டம்சிடிஎல் ஷோ மரியாடிபி -பி டைம்அவுட்ஸ்டார்ட்யுசெக்

கடைசியில் வரும் யு, செக் இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்துதான். ஒன்றரை நிமிடம் என்று வந்தால், எடிட்டில் சர்வீஸ் பகுதியின் கீழ் டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி என்று சேர்த்துவிடுங்கள். இப்படி மெதுவாக எழும் நேரத்தில் பொறுமையிழந்து மறுபடி பவர் பட்டனை அழுத்தக் கூடாது என்பதை சர்வர் பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள். அவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டாக்கரில் ஓடுகிறது என்றால்

மேலே சொன்னவை டாக்கர் சர்வீஸுக்குத்தான் பொருந்தும். டாக்கர் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். கன்டெய்னருக்கு ரீஸ்டார்ட் பாலிசி தனி:

டாக்கர் அப்டேட் --ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்டு கன்டெய்னர்-பெயர்

ஆல்வேஸ் என்றும் போடலாம். நீங்களே நிறுத்திவைத்த கன்டெய்னரையும் ஆல்வேஸ் அடுத்த பூட்டில் எழுப்பிவிடும், அன்லெஸ்-ஸ்டாப்டு எழுப்பாது. டேட்டாபேஸுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. பராமரிப்புக்காக நிறுத்தியது சொல்லாமல் எழுந்து நிற்பது நல்லதல்ல.

ரீபூட் செய்து பாருங்கள்

எனேபிள்ட் என்ற சொல் லிங்க் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. டேட்டாபேஸ் எழும் என்பதற்கு அது சாட்சி அல்ல. பயன்பாட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பேக்கப் எடுத்துவிட்டு, நிஜமாகவே ரீபூட் செய்யுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீபூட்

மெஷின் எழுந்ததும் சர்வரில் லாகின் செய்து எதையும் தொடாமல், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாபேஸில் ஒரு குவெரி ஓட்டுங்கள். செலெக்ட் 1 போதும். கவுன்டர் எந்த ஐபி, எந்த யூசர் வழியாகப் போகிறதோ அதே வழியில் போங்கள். பதில் வந்தால் டிஸ்க், நெட்வொர்க், சர்வீஸ் மூன்றும் ஒன்றாகத் தேறிவிட்டன.

வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்:

சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்
சூடோ ஜர்னல்சிடிஎல் -யு மரியாடிபி -பி
டிஎஃப் -ஹெச்

முதலாவது ஃபெயில் ஆன சர்வீஸ்களைப் பட்டியலிடும். இரண்டாவது இந்த பூட்டில் மரியாடிபி எழுதிய லாகை மட்டும் காட்டும். அதன் கடைசிச் சுருக்கெழுத்து பூட் என்பதன் ஆங்கில முதலெழுத்து, மற்ற இடங்களில் வரும் பி எழுத்து அல்ல. மூன்றாவது டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்பது. இடமில்லாமல் டேட்டாபேஸ் எழாதது மிகச் சாதாரணமாக நடப்பது. லாகில் "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ க்விக்லி" என்று மட்டும் இருந்தால் அது காரணம் அல்ல, பலமுறை முயன்று சிஸ்டம்டி கைவிட்டதன் அறிவிப்பு. அதற்கு மேலே நகர்ந்து முதல் எரரைத் தேடுங்கள்.

அடுத்த முறை கரண்ட் போய் வந்த பிறகு, நீங்கள் இல்லாதபோதும் டேட்டாபேஸ் தானாகவே எழுந்ததா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அப்டைம் -எஸ் என்று கொடுத்தால் மெஷின் எழுந்த நேரம் வரும். போஸ்ட்கிரெஸுக்குள் செலெக்ட் பிஜி_போஸ்ட்மாஸ்டர்_ஸ்டார்ட்_டைம்() என்று கேட்டால் டேட்டாபேஸ் எழுந்த நேரம் வரும். மரியாடிபியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் லைக் 'அப்டைம்' என்றால் எத்தனை வினாடியாக ஓடுகிறது என்று சொல்லும்; இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் எழுந்த நேரம் கிடைக்கும். இரண்டுக்கும் சில வினாடி வித்தியாசம் என்றால் தானாக எழுந்திருக்கிறது. ஒரு மணி நேர வித்தியாசம் இருந்தால் யாரோ கையால் எழுப்பியிருக்கிறார்கள். அந்த பூட்டின் லாகை ஜர்னலில் திறந்து, முதல் எரரிலிருந்து படியுங்கள்.